கறுத்தால் நல்ல சேதி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுண்டு எழுதுகிறேன். நான் சுகம். நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா?

இனி உங்களோடு போனில் பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. முப்பது வருடம் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் நின்று கார்களுக்குப் பெயிண்ட் அடித்த காதுக்கும் என் கீச்சுக் குரலுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை, "இரும்பை ரத்தத்துல ஏத்துறோம்ணா" என்று மூன்று முறை சொன்னேன். "கரும்பையா? ரத்தத்துலயா? சர்க்கரை வியாதி வந்துடாது?" என்று கேட்டீர்கள். அண்ணி சிரித்தது எனக்கு இங்கே கேட்டது. ஆகவே இனிமேல் கடிதம்.

ஆனால் நீங்கள் சொன்னதும் பாதி சரிதான். எங்கள் மருந்துக் கம்பெனியில் நாங்கள் செய்வது, ஸ்கேன் எடுப்பதற்கு முன் ரத்தத்தில் ஏற்றுகிற, காந்த குணமுள்ள இரும்புத் துகள். அதன் மேல் பூசுவது சர்க்கரை இனத்தைச் சேர்ந்த ஒரு பசை. இரண்டு வகை இரும்பு உப்பைத் தண்ணீரில் கரைத்து, அதில் அந்தப் பசையையும் கலந்து வைத்தால் பழுப்பு மஞ்சளாக, சாதுவாக இருக்கும். அதில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். கண் இமைப்பதற்குள் கண்ணாடிக் குடுவை முழுக்கக் கறுத்துவிடும். கறுக்கும் அந்த நொடியிலேயே கோடானுகோடி துகள்கள் பிறந்து, ஒவ்வொன்றும் தன் சட்டையைத் தானே போட்டுக்கொண்டுவிடுகிறது. ஒரு தலைமுடியின் குறுக்கே இரண்டாயிரத்துச் சொச்சம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம். ஒரு வருடமாக இதைச் செய்கிறேன். இன்றைக்கும் அந்த நொடியில் மூச்சை நிறுத்திக்கொண்டுதான் பார்க்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
சுண்டு


பிப்ரவரி 21

அன்புள்ள சுண்டு,

கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலமே. உன் அண்ணியின் முழங்கால் மழைக்கு ஒரு பேச்சும் வெயிலுக்கு ஒரு பேச்சும் பேசுகிறது. எனக்கு ஒன்றும் இல்லை. மாலையில் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கச் சொல்லி உன் அண்ணி உத்தரவு போட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்காதே.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மெட்டாலிக் பெயிண்ட் உனக்குத் தெரியும். அதில் அலுமினியப் பொடி இருக்கும். சரியாகக் கலக்காவிட்டால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு கதவு ஒரு நிறம், பானெட் ஒரு நிறம். போன வாரம்கூட ஒரு காரை முழுக்கத் தேய்த்து மறுபடி அடித்தேன். உன் இரும்பு அடியில் உட்காராதா? காந்தம் என்கிறாய், ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கட்டியாகாதா?

இன்னொன்று. இதை உடம்புக்குள் விட்டால் டாக்டர் கண்ணுக்கு என்ன தெரியும்? புத்தகத்தில் இருப்பதுபோல எழுதாதே. உன் பொடி எழுத்து உன் அண்ணியின் கண்ணுக்குப் பிடிபடாது, நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஆராய்ச்சிக் கூடத்தில் முகமூடி போடுகிறாயா?

உன்
அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்கு இரண்டு நாள் ஜலதோஷம், இப்போது தேவலை. அங்கே எல்லோருக்கும் உடம்பு எப்படி?

நீங்கள் கேட்டது எங்கள் தலைமை வேதியியலாளர் கேட்கிற கேள்வி. எல்லாவற்றையும் இரண்டு தடவை எடை போடுவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு மேடம். கட்டியாகாமல் காப்பது அந்தப் பூச்சுதான். அதோடு, இத்தனை சிறிதாக ஆகிவிட்டால் இரும்புக்கு ஒரு வினோத குணம் வந்துவிடுகிறது. பக்கத்தில் காந்தம் இருக்கும்வரை தானும் காந்தம். அதை எடுத்துவிட்டால், தான் காந்தமாக இருந்ததையே மறந்துவிடும். 

டாக்டர் கண்ணுக்கு என்ன தெரியும் என்றீர்களே. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் இல்லையா? அந்த நெறி என்பது ஒரு நிணநீர் முடிச்சு. உடம்பு முழுக்க இப்படி நூற்றுக்கணக்கான முடிச்சுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு காவல் நிலையம். உள்ளே இருக்கும் காவல்கார அணுக்கள் வழியில் வருகிற வேண்டாததையெல்லாம் விழுங்கும். எங்கள் துகள் ஒரு நாள் ரத்தத்தில் சுற்றிவிட்டு அங்கே போய்ச் சேரும். காவல்காரர்கள் அதையும் விழுங்குவார்கள். எம்.ஆர்.ஐ. மெஷின் ஒரு ராட்சதக் காந்தம் என்பதால் இரும்பு சேர்ந்த முடிச்சு படத்தில் கறுப்பாகத் தெரியும்.

புற்றுநோய் குடிபுகுந்த இடத்தில் காவல்காரர்கள் இருக்க மாட்டார்கள். விழுங்க ஆளில்லை. அந்த முடிச்சு மட்டும் வெள்ளையாகவே நிற்கும்.

அதாவது, கறுத்தால் நல்ல சேதி! நாங்கள் நோயைத் தேடிப் போவதே இல்லை, அண்ணா. ஆரோக்கியமாக இருக்கிற ஒவ்வொரு இடமும் தானே கையைத் தூக்கி 'நான் இருக்கிறேன்' என்கிறது. பதில் சொல்லாத இடம் எதுவோ, அதுதான். முதல்முறை இந்தப் படத்தைப் பார்த்த அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

இப்போது ஐந்து மருத்துவமனைகளில் சோதித்துப் பார்க்கிறார்கள். அதில் ஒன்று உங்கள் ஊரில். நோயாளிகளின் பெயர் எங்களுக்கு வராது, எண் மட்டும்தான்.

அண்ணியை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள்,
சுண்டு


ஏப்ரல் 15

அன்புள்ள சுண்டு,

ஐந்து வாரம் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பட்டறையில் வேலை. நாங்கள் நலம். உன் ஜலதோஷம் இதற்குள் இரண்டு முறை வந்து போயிருக்கும்.

உன் கடிதத்தை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். வெள்ளையாக நிற்கும் என்ற இடம் வந்ததும், "அது மட்டும் வாய மூடிட்டு நிக்குமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பட்டறையில் எனக்கு ஒரு நண்பர். என் வயதுதான். ஆண்களுக்கு மட்டும் சிறுநீர்ப்பைக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறதாமே, அதில் அவருக்குக் கோளாறு. தங்கைக்கு எழுதுகிற விஷயமா இது என்று என் கையே கூசுகிறது. ஆனால் நீ படித்தவள். ரத்தத்தில் ஏதோ ஒரு அளவு நாலுக்குள் இருக்க வேண்டியது அவருக்கு இருபத்திரண்டு. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் அதுதான் என்று சொல்லிவிட்டார்கள். வேலியைத் தாண்டி வெளியே போயிருக்கிறதா என்பதுதான் இப்போது கேள்வி. சாதாரண ஸ்கேனில் பிடிபடவில்லை. இந்த இரும்புச் சோதனையில் சேர்கிறீர்களா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். படிவத்தில் உன் கம்பெனி பெயர் இருந்ததாம்.

வலிக்குமா? ஏதாவது ஆபத்து உண்டா? மனிதர் ரொம்பக் கூச்ச சுபாவம், டாக்டரிடம் வாயே திறக்க மாட்டார். அதனால்தான் நான் கேட்கிறேன்.

நன்றாகத் தூங்கு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன்
அண்ணன்


ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், வலி ஒரு ஊசி குத்துகிற வலிதான். மருந்து பால் சேர்க்காத டீ நிறத்தில் இருக்கும். அரை மணி நேரம் மெதுவாக ஏற்றுவார்கள். சிலருக்கு முதுகு பிடிக்கும். வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். ஒவ்வாமை வந்தால் பார்க்க டாக்டர் பக்கத்திலேயே இருப்பார். மறுநாள் ஸ்கேன். சேர்வதும் சேராததும் அவர் விருப்பம், நான் சொல்லக்கூடாது. ஆனால் கூச்சப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் பாதியை மறைக்கக் கூடாது. அவர் சுரப்பியை மட்டும்தான் பார்ப்பார், சிரிக்க மாட்டார் என்று சொல்லுங்கள்.

அவருக்குக் குடும்பம் இருக்கிறதா? கூட யார் போகிறார்கள்? நீங்களாவது போங்கள், பாவம்.

ஒருவேளை அவருக்குப் போகப்போவது நேற்று நான் அனுப்பிய பதினான்காம் பேட்ச்சாகவும் இருக்கலாம். இதுவரை செய்ததிலேயே அழகானது. துகளின் அளவு ஒன்றுபோல வந்தது. வழக்கத்தைவிட ஒரு தடவை கூடுதலாகவே கழுவினேன், துளி அழுக்கும் இருக்கக் கூடாதென்று.

அண்ணிக்கு முத்தங்கள். தண்ணீரை அளவாகக் குடியுங்கள்.

உங்கள்,
சுண்டு


மே 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் பதில் வருவதற்கு முன்பே எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

ஒவ்வொரு பேட்ச்சிலும் சில குப்பிகளை எங்களிடமே வைத்துக்கொண்டு இடையிடையே அளப்போம். செவ்வாய்க்கிழமை பதினான்காம் பேட்ச்சை அளந்தேன். பத்துக் குப்பியில் எட்டு சரி. இரண்டில் துகள்கள் ஒட்டத் தொடங்கியிருந்தன. துகளின் அளவு முப்பது நானோமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் எழுபது. மெஷின் பொய் சொல்கிறது என்று நினைத்து நாலு முறை அளந்தேன். பொய் சொல்லவில்லை.

காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். கூடுதலாக ஒரு தடவை கழுவினேன் என்று பெருமையாக எழுதினேன் அல்லவா? அந்தக் கழுவலில் பூச்சும் கொஞ்சம் போய்விட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதைச் சுத்தத்துக்கும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். அதைப் பதிவேட்டில் நான் எழுதியிருக்கவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

ஒட்டிய துகள் முடிச்சுவரை போகாது, அண்ணா. ஈரல் பாதி வழியிலேயே பிடித்துக்கொள்ளும். அப்போது நல்ல முடிச்சுகளும் கறுக்காமல் வெள்ளையாகவே நிற்கும். நோயில்லாத இடத்திலெல்லாம் நோய் என்று டாக்டர் படிப்பார். 

தராசு மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏன் எழுதி வைக்கல?"

"தப்புன்னு தோணல மேடம். நல்லதுன்னு நினைச்சேன்."

"நல்லதுன்னா எழுதி வைக்கறதுல என்ன கஷ்டம்?"

அவர் திட்டவில்லை. போனை எடுத்து ஐந்து மருத்துவமனைகளுக்கும் தானே பேசினார். நல்லவேளை, அந்த பேட்ச்சை இன்னும் யாருக்கும் ஏற்றியிருக்கவில்லை; ஒரு குப்பிகூட இனி திறக்கக் கூடாது. புதிய பேட்ச் செய்து, சோதித்து, அனுப்ப ஏழு வாரம் ஆகும்.

ஏழு வாரம். நாற்பத்தொரு பேர் காத்திருக்கிறார்கள். உங்கள் நண்பரும் அதில் ஒருவராக இருந்தால் அவரிடம் என்ன சொல்வீர்கள்? என் மேல் கோபப்படுவாரா? கேட்டு எழுதுங்கள்.

உங்கள்,
சுண்டு


மே 27

அன்புள்ள சுண்டு,

நாங்கள் நலம். நீ சாப்பிடுகிறாயா? உன் கையெழுத்தைப் பார்த்தால் சாப்பிடுவதாகத் தெரியவில்லை.

நண்பரிடம் கேட்டேன். அவரும் அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவர்தான். அன்றைக்குக் காலையில் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, கையில் ஊசியும் குத்தி, பிளாஸ்திரியும் ஒட்டிவிட்டார்களாம். தலைமாட்டில் அந்த டீ நிறக் குப்பி தொங்கியது. குழாயை மாட்டப்போகிற நேரத்தில் இன்னொரு நர்ஸ் செருப்புச் சத்தம் கேட்க ஓடிவந்து, "போடாதீங்க, போடாதீங்க, நிறுத்தச் சொல்லிட்டாங்க" என்றாளாம். பிளாஸ்திரியைப் பிய்த்தபோது கை முடியும் சேர்ந்து வந்ததுதான் அன்றைக்கு மிச்சம்.

கோபம் வந்ததா என்று கேட்டேன். "வந்துச்சு. வீடு வந்து சேர்ற வரைக்கும் வந்துச்சு" என்றார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டிய பிறகு இல்லையாம்.

நான் ஒன்று சொல்கிறேன். அடித்து முடித்த காரில் ஒரு ஓரத்தில் பெயிண்ட் வடிந்திருந்தால் வண்டிக்காரனுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். அடித்தவனுக்கு அன்றைக்கே தெரியும். சொல்கிறவனும் உண்டு, மூடி மறைக்கிறவனும் உண்டு. நீ சொல்லிவிட்டாய். நாற்பத்தொரு பேரும் காத்திருப்பார்கள். நிதானமாகச் செய்.

உன் அண்ணி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். சாப்பிடு.

உன்
அண்ணன்


ஜூன் 6

அன்புள்ள சுண்டுவுக்கு அண்ணி எழுதுவது.

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதியது உன் அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். பிழை இருந்தால் சிரிக்காதே.

உன் அண்ணனுக்குப் பட்டறையில் நண்பர் யாரும் கிடையாது. முப்பது வருடமாக அவருக்கு அங்கே இருக்கிற ஒரே சிநேகிதம் அந்தக் கம்ப்ரஸர்தான். இதற்குமேல் நான் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மார்ச் மாதக் கடைசியில் தெரிந்தது. உனக்குச் சொல்லச் சொல்லி எத்தனையோ முறை கெஞ்சினேன். முதலில், "இதையெல்லாம் தங்கச்சிகிட்ட எப்படிச் சொல்றது?" என்றார். நண்பர் கதையைக் கட்டியது அப்போதுதான். அன்றைக்குக் கட்டிலிலிருந்து இறங்கி வந்த பிறகு, "இப்பவாவது சொல்லுங்க" என்றேன். "இப்பதான் சொல்லவே கூடாது. தெரிஞ்சா அவ கை நடுங்கும். அவ கை நடுங்கினா எனக்கு மட்டுமா, இன்னும் நாப்பது பேர் இருக்காங்க" என்றார்.

எனக்கு அவர்போலப் பெரிய மனசு இல்லை. ஏழு வாரம் பொறுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்குச் சுலபம். தட்டில் வைத்ததை இவர் பாதியில் தள்ளிவைக்கும்போதெல்லாம் நான் நாளை எண்ணுகிறேன். உன் மேல் வருத்தம் இருந்தது, உண்மை. பிறகு யோசித்தேன். நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் குப்பி இவர் உடம்புக்குள் போயிருக்கும். இல்லாத நோயைக் காட்டியிருக்கும். எங்கெங்கோ வெட்டியிருப்பார்கள்.

நடுங்காமல் செய், அம்மா. அது ஒன்றுதான்.

உன்
அண்ணி


ஜூன் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? தட்டில் மிச்சம் வைக்கிற பழக்கம் உங்களுக்கு வரக்கூடாது, சொல்லிவிட்டேன்.

பதினைந்தாம் பேட்ச் முடிந்தது. செய்யத் தொடங்குவதற்கு முன் தராசு மேடத்திடம் போனேன். காத்திருப்பவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும், நான் விலகிக்கொள்ளவா என்று கேட்டேன். உங்கள் நண்பரைத்தான் சொல்கிறேன். மேடம் வெகுநேரம் யோசித்தார்.

"செய்யறத நீயே செய். உன் கைதான் இதுக்குப் பழகின கை. அளக்கறது வேற ஆளுங்க. எது எந்த பேட்ச்னு அவங்களுக்குத் தெரியாம இருக்க, குப்பிமேல எண்கூட இருக்காது. இந்தத் தடவை நீ தும்மினாலும் பதிவேட்டுல எழுதணும்."

இரண்டு முறை தும்மினேன். எழுதியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை அம்மோனியாவைச் சொட்டவிட்டேன். முதல் சொட்டுக்கு முன்னால் கை நடுங்கியது. ஆமாம், நடுங்கத்தான் செய்தது. குழாயைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். எதிர்க் கட்டிடத்துச் சுவரில் யாரோ உயரத்தில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு கண்ணாடியை முடிக்கும்வரை பார்த்தேன். திரும்பி வந்தேன். நடுங்கவில்லை. குடுவை கறுத்தது. எத்தனையோ முறை பார்த்ததுதான். அன்றைக்கு நான் அதன் முன்னால் கைகட்டி நின்றேன்.

மூன்று பேர் தனித்தனியாக அளந்தார்கள். முப்பது, முப்பத்தொன்று, முப்பது. பூச்சு நிற்கிறது.

உங்கள் நண்பருக்குச் சில குறிப்புகள். முதல்நாள் நன்றாகத் தூங்க வேண்டும். முழங்கைக்கு மேல் சுருட்ட முடிகிற சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். முதுகு வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கக் கூடாது, உடனே சொல்ல வேண்டும். வலியைச் சொல்வதில் வீரம் குறையாது. ஸ்கேன் மெஷின் காது கிழியச் சத்தம் போடும், ஆனால் அவர் காது ஏற்கெனவே கம்ப்ரஸருக்குப் பழகிய காது, பயமில்லை. அவர் மனைவியையும் கூட அழைத்துப்போகச் சொல்லுங்கள். வெளியே உட்கார்ந்திருந்தாலும் போதும்.

அவருக்காக நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள்,
சுண்டு


ஜூலை 14

அன்புள்ள சுண்டு,

நாங்கள் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நண்பருக்குப் புதன்கிழமை மருந்து ஏற்றினார்கள். முதுகு வலித்தது. சொன்னார். வேகத்தைக் குறைத்தார்கள், நின்றுவிட்டது. வியாழக்கிழமை ஸ்கேன். நேற்று ஸ்கேன் டாக்டர் அம்மா வரச்சொல்லி, உள்ளே உட்காரவைத்து, தன் திரையையே திருப்பிக் காட்டினார்.

இடது பக்கம் மருந்துக்கு முன்னால் எடுத்த படம். வலது பக்கம் பின்னால் எடுத்தது. முதல் படத்தில் எல்லா முடிச்சும் வெளுத்த புள்ளிகள். எது நல்லது, எது கெட்டது, கடவுளுக்குத்தான் வெளிச்சம். இரண்டாவதில் டாக்டர் பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இது கறுப்பு. இது கறுப்பு. இதுவும் கறுப்பு. மை தொட்டு வைத்ததுபோல ஒவ்வொன்றும் அணைந்துகொண்டே போனது. உன் அண்ணி பக்கத்தில் விரல் மடக்கிக்கொண்டிருந்தாள். நீ எழுதியதுபோலவே, சுண்டு. உடம்பின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஒவ்வொருவராக எழுந்து கை தூக்குவதுபோல இருந்தது. ஐம்பத்திரண்டு வருடமாக அவர்கள் உள்ளே இருந்து காவல் காத்ததே தெரியாமல் இந்த உடம்பைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறோம்.

பதினாறு கறுத்தது. பதினேழாவதில் பென்சில் நின்றது. முதுகெலும்பின் அடிப்பக்கத்தை ஒட்டி, ஓர் உளுந்து அளவு. வெள்ளையாக நின்றது. "இதா?" என்று கேட்டேன். "இதுதான். இது ஒண்ணுதான்" என்றார் டாக்டர்.

கேட்டேன் என்று எழுதிவிட்டேன். பேனாவில் எழுதியது, அடித்தால் அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும். உன் போன கடிதத்தைப் படித்தபோதே உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஆளைப் பார்த்துச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டு என்று யார் எழுதுவார்கள்? யார் சொல்லியிருப்பார்கள் என்றும் தெரியும். அவள் இப்போது அடுப்படியில் ஒன்றும் தெரியாததுபோல நிற்கிறாள்.

அந்த இடம் வழக்கமாக வெட்டுகிற எல்லைக்கு வெளியே இருக்கிறதாம். படம் இல்லாவிட்டால் சுரப்பியை எடுத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பியிருப்போம், அது மட்டும் உள்ளேயே இருந்து வளர்ந்திருக்கும் என்றார் டாக்டர். இனி சுரப்பிக்கும் அந்த உளுந்துக்கும் குறிவைத்துக் கதிர்வீச்சும், கூடவே ஹார்மோன் ஊசியும் கொடுப்பார்களாம்.

பயமாக இருந்தது, சுண்டு. மார்ச்சிலிருந்தே பயமாகத்தான் இருந்தது. பயத்துக்கு இவ்வளவு நாள் முகம் இல்லை. இப்போது அதற்கு ஓர் இடம் இருக்கிறது, ஓர் அளவு இருக்கிறது. நேற்று நன்றாகத் தூங்கினேன்.

விடுப்புக் கிடைத்தால் வா.

உன்
அண்ணன்


அக்டோபர் 9

அன்புள்ள சுண்டு,

நலம். நீ வந்துபோனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. உன் அண்ணி நீ மடித்துவைத்த போர்வையை இன்னும் பிரிக்கவில்லை. உன் உடம்பு எப்படி?

கதிர்வீச்சு போன மாதம் முடிந்தது. களைப்பு இருந்தது, இப்போது குறைந்துவிட்டது. திங்கட்கிழமை ரத்தம் பார்த்தார்கள். இருபத்திரண்டு இருந்தது ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. இன்னும் சில வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டுமாம். பார்ப்போம். இன்றைக்குப் பட்டறைக்குப் போய் ஒரு கதவு மட்டும் அடித்தேன். கை மறக்கவில்லை.

ஒரு சந்தேகம். டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. (சிரிக்காதே.) ஜூலையில் ஏற்றிய அந்த இரும்பை எப்போது வெளியே எடுப்பார்கள்? யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. மறந்துவிட்டார்களா?

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
அண்ணன்


அக்டோபர் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒன்றுக்கும் கீழே என்று நீங்கள் எழுதிய வரியைத் தராசு மேடத்திடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியை மட்டும் துடைக்கவில்லை. நான் சுகமாக இருக்கிறேன். அண்ணியிடம் போர்வையைப் பிரித்துப் போர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள், நான் மறுபடி வந்து மடித்துவைக்கிறேன்.

யாரும் மறக்கவில்லை, அண்ணா. அதை வெளியே எடுக்க மாட்டார்கள்.

விழுங்கிய காவல்கார அணுக்கள் முதலில் மேலே இருக்கும் பூச்சைக் கரைக்கும். பிறகு இரும்பைக் கரைக்கும். உடம்புக்கு இரும்பு என்றால் உயிர், ஒரு துளியையும் வீணாக்காது. எலும்புக்குள்ளே புது ரத்தம் ஊறுகிற இடத்துக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே அது சிவப்பணுவாக மாறும். எல்லாம் சில வாரத்தில் முடிகிற வேலை. உங்களுக்கு ஏற்றி மூன்று மாதத்துக்கும் மேல் ஆகிறது. ஆகவே அதில் கணிசமான பங்கு மருந்து என்ற நிலையைத் தாண்டிப்போயிருக்கும். உங்கள் ரத்தமாகியிருக்கும்.

இதைப் படித்தவள் நான், பரீட்சையில் எழுதியவள் நான், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளும் நான்தான். ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் என் பேனா நின்றது. ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், என் கண்ணெதிரில் குடுவைக்குள் கறுத்ததே, அந்த இரும்பு இப்போது உங்களோடு பட்டறைக்குப் போகிறது. நீங்கள் இழுக்கிற மூச்சை வாங்கி விரல்நுனிவரை கொண்டுபோய்க் கொடுக்கிறது. கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிறது.

ஆகவே முகமூடி இல்லாமல் ஸ்ப்ரே துப்பாக்கியைத் தொடாதீர்கள். அந்த மூச்சில் எனக்கும் வேலை இருக்கிறது.

உங்கள்,
சுண்டு